கொதிக்கும் கார்டும் அடைபட்ட காற்றும்



இன்று நம் இல்லங்கள் பலவற்றில் விளையாட்டுக்கென்றே அமைக்கப்பெற்ற கணினி ஒன்று இடம்பிடித்துவிட்டது. தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்தால் வாங்கித் தருவதாக மகனுக்குக் கொடுத்த வாக்கை நிறைவேற்ற, கடல் கடந்து உழைக்கும் வாப்பா மாதந்தோறும் மிச்சம் பிடித்து அனுப்பிய பணத்தில் வந்த பொருளாக அது இருக்கலாம். அண்ணனும் தம்பியும் தம் பெருநாள் காசைச் சேர்த்து வாங்கியதாகவும் இருக்கலாம். எவ்வாறு வந்ததாயினும், அது வியர்வையின் விலை என்பதில் ஐயமில்லை.

கோடை விடுமுறை பிறக்கிறது. வெளியே வெயில் கொளுத்துகிறது. பிள்ளைகள் கணினியின் முன் அமர்கின்றனர். சற்று நேரத்தில் பெட்டியினுள்ளிருந்து விசிறிகள் இரைச்சலிடுகின்றன. கால் மணி நேரம் கடந்ததும் திரையில் ஓடும் காட்சிகள் திக்கித் திணறுகின்றன. இன்னும் சற்று நேரத்தில் திரை கறுத்துப் போகிறது. “உம்மா, கார்டு போச்சு!” என்று பிள்ளை அலறுகிறான். மறுநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குச் சென்றால், “சூடு தாங்காம கார்டு போயிடுச்சு லாத்தா, புதுசு போட்டுடலாம்” என்று ஒரே சொல்லில் தீர்ப்பு வந்துவிடுகிறது.

கடைக்காரர் அனைவரும் இவ்வாறு கூறுபவர் அல்லர். பொறுமையாகச் சோதித்து உண்மையை உரைக்கும் தொழிலாளர் பலர் உள்ளனர். ஆயினும், ஒன்றும் அறியாதவராய் நாம் போய் நின்றால், நல்லவர் கையில் சிக்குவதும் அல்லாதவர் கையில் சிக்குவதும் நம் விருப்பத்தில் இல்லாமற் போகிறது. பல மாதச் சேமிப்பைக் கொடுத்துப் புதிய கார்டை வாங்கிப் பொருத்திய பின்னரும் அதே கொதிப்பு, அதே இரைச்சல் என்றால் யாரிடம் போய் முறையிடுவது?

ஆகவே இம்மாதம் இதனைப் பற்றியே பேசுவோம். கிராஃபிக்ஸ் கார்டு சூடேறுகிறது என்றால் அது பழுதாகிவிட்டது என்று பொருளன்று. உள்ளே நடப்பதை அச்சூடு நமக்கு அறிவிக்கிறது, அவ்வளவே. அந்த அறிவிப்பைப் புரிந்துகொள்ள மூன்று கேள்விகள் போதும். சூடு எவ்வளவு? அந்தச் சூடு எவ்வழியே வெளியேறுகிறது? அத்தனை வேலையை அந்தக் கார்டுக்கு இட்டது எது? இம்மூன்றுக்கும் விடை காணாமல் பணப்பையைத் திறப்பது வீண் விரயத்திற்கே வழிகோலும்.

சூடு பிறப்பது எவ்வாறு?

திரையில் தோன்றும் ஒவ்வொரு காட்சியையும் கணக்கிட்டு வரைவதே கிராஃபிக்ஸ் கார்டின் தொழில். அசையும் படம் என்று நாம் எண்ணுவது, உண்மையில் ஒரு நொடிக்குள் பல பத்து முறை மாற்றி மாற்றி வரையப்படும் தனித்தனிப் படங்களின் வரிசையாகும். இதற்காகக் கார்டு மின்சாரத்தை உண்கிறது. உண்ட மின்சாரம் அனைத்தும் முடிவில் வெப்பமாகவே வெளிவருகிறது.

அளவைப் பாருங்கள். என்விடியா நிறுவனத்தின் ஜிடிஎக்ஸ் 1650 என்னும் எளிய கார்டு ஏறத்தாழ 75 வாட் மின்சாரம் கொள்ளும். இது நம் வீட்டுப் பழைய கூரை விசிறி ஒன்று கொள்ளும் அளவு. ஆர்டிஎக்ஸ் 3060 என்னும் கார்டுக்கு 170 வாட். ஆர்டிஎக்ஸ் 3080 கார்டுக்கு 320 வாட். 2022ஆம் ஆண்டில் வந்த ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுக்கோ 450 வாட்! துணி தேய்க்கும் 1000 வாட் இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் ஏறத்தாழ பாதியை, மூடிய ஒரு தகரப் பெட்டிக்குள் மணிக்கணக்கில் வைத்திருப்பதற்கு இது ஒப்பாகும்.

இச்சூட்டை வெளியேற்றத்தான் கார்டின் மீது உலோகத் தகடுகளாலான ஹீட் சிங்க்கும் அதன்மேல் விசிறிகளும் உள்ளன. சில்லில் பிறக்கும் சூடு தகடுகளுக்குப் பரவுகிறது. விசிறி தள்ளும் காற்று அச்சூட்டை அள்ளிச் செல்கிறது. இந்தத் தொடரில் எந்தக் கண்ணி அறுந்தாலும் சூடு தேங்கும். கார்டு மாறினால் கண்ணிகள் அனைத்தும் சரியாகிவிடும் என்பதற்கு உறுதியில்லை. ஏனெனில், கண்ணிகளுள் பல கார்டுக்கு வெளியே இருக்கின்றன.

முதலில் அளந்து பாருங்கள்

காய்ச்சல் என்று பிள்ளையைத் தூக்கிச் சென்றால் மருத்துவர் முதலில் வெப்பமானியை அல்லவா வைக்கிறார்? இங்கும் அதுவே முறை. பெட்டியின் மீது கையை வைத்து ‘நெருப்பாய்ச் சுடுகிறது’ என்பது அளவு ஆகாது.

விண்டோஸ் 10இன் 2020ஆம் ஆண்டுப் பதிப்பு முதல், கணினியில் உள்ள டாஸ்க் மேனேஜரே கார்டின் வெப்பநிலையைக் காட்டுகிறது. விசைப்பலகையில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்துங்கள். தோன்றும் பலகையில் பெர்ஃபார்மன்ஸ் என்னும் பகுதிக்குச் சென்றால், ஜிபியு என்பதன் கீழ் வெப்பநிலை தெரியும். இன்னும் விரிவாக அறிய ஜிபியு-இசட், எச்டபிள்யூஇன்ஃபோ போன்ற இலவச மென்பொருள்கள் உள்ளன.

பிள்ளையிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுங்கள். கணினி சும்மா இருக்கையில் எத்தனை டிகிரி, விளையாட்டு தொடங்கிப் பத்தாவது நிமிடத்தில் எத்தனை, இருபதாவது நிமிடத்தில் எத்தனை, அரை மணியில் எத்தனை என்று அவனே எழுதட்டும். அறையின் வெப்பநிலையையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளட்டும். ‘நீ எந்நேரமும் விளையாடித்தான் கெடுத்தாய்’ என்று ஏசுவதைவிட, இருவரும் சேர்ந்து அந்த எண்களைப் பார்ப்பது நலம். பழி போய்க் கணக்கு வரும்.

எண்களை எவ்வாறு படிப்பது? சும்மா இருக்கையில் 35 முதல் 50 டிகிரி செல்சியஸ் வரை இருப்பது இயல்பு. கடும் விளையாட்டின்போது 60 முதல் 80 வரை செல்வதும் இயல்பே. 85ஐத் தாண்டி அங்கேயே நின்றால் கவனிக்க வேண்டும். ஆர்டிஎக்ஸ் 3060 கார்டுக்கு என்விடியா நிறுவனம் குறித்துள்ள உச்ச அளவு 93 டிகிரி. பல கார்டுகள் 83 டிகிரியை ஒட்டியே தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளத் தொடங்கும். காட்சிகள் திக்குவதற்கு இதுவும் ஒரு காரணம். தன்னைத் தானே காத்துக்கொள்ளும் இவ்வேற்பாட்டைப் பழுது என்று எண்ணலாகாது.

இன்னுமொரு செய்தி. எந்தக் காற்று விசிறியாலும் கார்டை அறையின் வெப்பநிலைக்குக் கீழே கொண்டுவர இயலாது. மார்கழியில் அறை 25 டிகிரியாக இருந்தபோது கார்டு 70 டிகிரியில் ஓடியது என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 45. சித்திரை வெயிலில் அதே அறை 38 டிகிரி ஆகும்போது, அதே கார்டு அதே விளையாட்டில் ஏறத்தாழ 83 டிகிரிக்குச் செல்லும். கார்டில் எதுவும் மாறவில்லை, பருவம் மாறியது. எனவே கார்டின் சூட்டை மட்டும் பாராது, அறைக்கும் கார்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். மாதங்கள் செல்லச் செல்ல அவ்வித்தியாசம் ஏறிக்கொண்டே போனால், அப்போதுதான் ஏதோ ஒன்று அடைபட்டிருக்கிறது என்று கொள்ள வேண்டும்.

விசிறி சுழலவில்லையே என்று அஞ்சுவோரும் உளர். இன்றைய கார்டுகள் பலவற்றில், வேலை குறைவாக இருந்து சூடும் ஏறத்தாழ 50, 60 டிகிரிக்குக் கீழே இருக்கும்போது விசிறிகள் தாமாகவே நின்றுவிடும். இரைச்சலைக் குறைக்கச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. சூடு ஏறிய பின்னும் சுழலவில்லை எனில் மட்டுமே அது குறை.

சூடு 65, 70 டிகிரியிலேயே இருக்க, கணினி முழுவதும் ஒரே நொடியில் அணைந்துவிடுகிறதா? அப்படியாயின் கார்டின் மீது பழி போடாதீர்கள். மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியின் திறன் போதவில்லையா என்று பாருங்கள். அளந்து பார்த்ததனால் கிடைக்கும் முதல் ஆதாயம் இதுவே.

கதவைத் திறந்து ஒரு சோதனை

கடைக்காரர் கேபினட் என்றும் வீட்டார் பலர் சி.பி.யு. என்றும் அழைக்கும் அந்தப் பெட்டியின் பக்கவாட்டில் ஒரு மூடி உண்டு. கணினியை அணைத்து, இணைப்பைப் பிடுங்கி, அம்மூடியைக் கழற்றி வையுங்கள். பிறகு மீண்டும் இயக்கி, அதே விளையாட்டை அதே அரை மணி ஓடவிட்டு எண்களைக் குறியுங்கள். சிறு குழந்தைகள் அண்டாமலும், உள்ளே எவரும் கைவிடாமலும் பார்த்துக்கொள்வது அவசியம்.

சூடு பத்து டிகிரி அளவுக்குச் சடாரென்று இறங்கிவிட்டதா? குறை கார்டில் இல்லை. பெட்டிக்குள் காற்று வந்து போகும் வழியில் இருக்கிறது. மூடியைத் திறந்தும் எண்கள் அசையவில்லையா? அப்படியெனில் கார்டின் சொந்த விசிறி, தகடு, தூசி, பேஸ்ட் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். காசு செலவில்லாத இவ்வொரு சோதனை பாதி வழக்கைத் தீர்த்துவிடும்.

தூசி என்னும் போர்வை

நம் ஊர்களில் தூசிக்குப் பஞ்சமில்லை. நாள் முழுதும் கூரை விசிறி சுழன்று தரையிலுள்ளதை எழுப்புகிறது. சாம்பிராணிப் புகையும், அடுப்படியிலிருந்து வரும் தாளிப்பு ஆவியும் அத்தூசியுடன் கலந்து பிசுக்காகத் தகடுகளில் படிகின்றன. காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்றும் சேர்ந்து உலோக முனைகளை அரிக்கின்றது. தகடுகளுக்கிடையே உள்ள சந்துகள் மெல்லியவை. அவற்றில் பஞ்சு போல் தூசி அடைந்தால், விசிறி எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் காற்று உட்புகாது. மே மாதத்தில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஓடுபவனின் நிலைதான் கார்டுக்கும்.

துடைக்கும் முறையை அறிந்து துடையுங்கள். கணினியை அணைத்து, சுவர் சுவிட்சையும் அணைத்து, ஒயரைப் பிடுங்குங்கள். பின்னர் பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்தினால் உள்ளே தங்கியிருக்கும் மின்சாரம் பெரும்பாலும் வடிந்துவிடும். உட்பாகங்களைத் தொடுமுன் கேபினட்டின் வெறும் உலோகப் பகுதியைத் தொட்டுக்கொள்ளுங்கள். உடலில் உள்ள நிலைமின்சாரம் இறங்கிவிடும். பெட்டியை முற்றத்திற்கோ மொட்டை மாடிக்கோ எடுத்துச் சென்று, கையில் பிடிக்கும் புளோயரால், சற்றுத் தள்ளி நின்று, இடைவிட்டு இடைவிட்டு ஊதுங்கள். ஊதும்போது விசிறியின் இறக்கையை ஒரு விரலால் அல்லது சிறு குச்சியால் அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்றின் வேகத்தில் அது கண்டபடி சுழன்றால் அதன் அச்சு கெடும். பிசுக்குப் படிந்த இறக்கைகளை உலர்ந்த மெல்லிய தூரிகையால் துடைக்கலாம். ஈரத்துணி கூடாது. வீட்டு வேக்குவம் கிளீனரைப் பாகங்களுக்கு அருகே கொண்டு செல்லாதிருப்பது நன்று. அதன் முனையில் நிலைமின்சாரம் உண்டாகும்.

நோன்பு வருமுன் வீட்டை ஒட்டடை அடித்துத் தூய்மை செய்யும் வழக்கம் நம்மிடம் உண்டு. அந்நாளில் கேபினட்டையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். பின்னர் ஆறு மாதம் கழித்து இன்னொரு முறை. இவ்வளவே போதும்.

காற்றுக்கு வாசல் வேண்டும்

வீட்டில் சன்னல் இருந்தால் மட்டும் போதுமா? எதிர்ச் சன்னலும் திறந்திருந்தால்தானே காற்று ஓடும்! கேபினட்டும் அவ்வாறே. முன்புற விசிறி குளிர்ந்த காற்றை உள்ளிழுக்க வேண்டும். பின்புறத்திலும் மேற்புறத்திலும் உள்ள விசிறி சூடான காற்றை வெளியே தள்ள வேண்டும். அனைத்தும் உள்ளிழுத்தாலோ, அனைத்தும் வெளித்தள்ளினாலோ ஓட்டம் சீர்கெடும். ஒரு மெல்லிய காகிதத் துண்டை விசிறிக்கு வெளியே பிடித்துப் பாருங்கள். காகிதம் ஒட்டிக்கொண்டால் உள்ளிழுக்கிறது, பறந்தால் வெளித்தள்ளுகிறது. விசிறியைத் தவறான பக்கம் திருப்பி மாட்டிய கேபினட்டுகள் உண்டு என்பதனால் இதனைச் சோதிப்பது நலம்.

இரண்டு மூன்று விசிறிகளைக் கொண்ட கார்டுகள் தம் சூட்டைப் பெரும்பாலும் கேபினட்டுக்குள்ளேயே கொட்டுகின்றன. அதனை வெளியேற்றும் பொறுப்பு கேபினட் விசிறியுடையது. கார்டு எவ்வளவு உயர்ந்ததாயினும், பெட்டியில் வழியில்லையேல் தான் கக்கிய சூட்டையே மீண்டும் விழுங்கிக்கொண்டிருக்கும்.

இனி, பெட்டி எங்கே வைக்கப்பட்டுள்ளது என்று பாருங்கள். மர மேசையின் அடியில், மூன்று பக்கமும் பலகை அடைத்த அறைக்குள்ளா? சுவரோடு ஒட்டியா? திரைச்சீலைக்குப் பின்னாலா? கம்பளத்தின் மீதா? பின்புறம் ஒரு சாணாவது இடைவெளி இருக்கட்டும். தரையிலிருந்து சிறிது உயர்த்தி ஒரு முக்காலியின் மீது வையுங்கள். தூசி படியாதிருக்கச் சகோதரிகள் சிலர் அழகிய பூத்தையல் துணியால் கணினியைப் போர்த்தி வைக்கின்றனர். அணைந்திருக்கும்போது போர்த்துவது நல்ல பழக்கம். இயங்கும்போது அத்துணி ஒரு மூலையில்கூடக் கிடக்கலாகாது.

தேவையற்ற உழைப்பைக் குறையுங்கள்

மூன்றாவது கேள்விக்கு வருவோம். அத்தனை வேலையை இட்டது எது?

2010ஆம் ஆண்டு ஜூலையில் பிளிசார்ட் நிறுவனம் ஸ்டார்கிராஃப்ட் 2 என்னும் விளையாட்டை வெளியிட்டது. கடும் போர்க் காட்சிகளில் அல்லாமல், ஆட்டம் தொடங்குமுன் தோன்றும் எளிய திரைகளில் கார்டுகள் அதிகமாகச் சூடேறுவதாகப் பலர் முறையிட்டனர். வியப்பாக இல்லையா? காரணம் எளியது. அத்திரைகளில் வரைவதற்கு அதிகமில்லை. வரையும் வேகத்திற்கு வரம்பும் இல்லை. எனவே கார்டு அந்த ஒரே படத்தை நொடிக்கு எத்தனை முறை முடியுமோ அத்தனை முறை, மூச்சு விடாமல் வரைந்துகொண்டிருந்தது. நொடிக்கு 60 படம், தொடக்கத் திரையில் 30 படம் என்று வரம்பு கட்டும் இரண்டு வரிகளை அமைப்புக் கோப்பில் சேர்க்குமாறு அந்நிறுவனம் அறிவுறுத்தியது. கொதிப்பு அடங்கிற்று.

பதினோராண்டுகள் கழித்து, 2021 ஜூலையில், அமேசான் நிறுவனத்தின் நியூ வேர்ல்டு என்னும் விளையாட்டின் சோதனைப் பதிப்பிலும் இதுபோன்றதோர் நிகழ்ச்சி. விலையுயர்ந்த ஆர்டிஎக்ஸ் 3090 கார்டுகள் சில செயலிழந்தன. தொடக்கத் திரைக்கு வரம்பு கட்டி அமேசான் ஒரு திருத்தம் வெளியிட்டது. பாதிக்கப்பட்ட கார்டுகளைத் தயாரித்த நிறுவனங்களுள் ஒன்றான இவிஜிஏ, தன் கார்டுகள் சிலவற்றில் பற்றவைப்புக் குறை இருந்ததாகப் பின்னர் ஒப்புக்கொண்டு மாற்றித் தந்தது. அளவற்ற வேலை, உள்ளே மறைந்திருந்த பலவீனத்தை வெளிக்கொணர்ந்துவிட்டது!

இதில் நமக்குள்ள பாடம் யாது? நம் வீட்டுத் திரை நொடிக்கு 60 படங்களை மட்டுமே காட்ட வல்லது எனில், கார்டு 200 படங்களை வரைவதனால் கண்ணுக்குக் கிடைப்பது மிகச் சொற்பம். மின்சாரமும் சூடும் இரைச்சலுமே மிச்சம். விளையாட்டின் அமைப்புப் பக்கத்தில் வி-சிங்க் என்பதையோ, படங்களின் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டும் வசதியையோ இயக்குங்கள். என்விடியாவின் கண்ட்ரோல் பேனலில் 2020ஆம் ஆண்டு முதல் இவ்வசதி இருக்கிறது. ஏஎம்டி நிறுவனத்தின் மென்பொருளிலும் உண்டு. இதற்குக் காசு தேவையில்லை. இரண்டு நிமிடங்கள் போதும். அதன்பின் நோட்டுப் புத்தகத்தில் எழுதும் எண்ணைப் பிள்ளையே வியந்து பார்ப்பான்.

இன்னும் ஒரு படி செல்ல விரும்புவோர், எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்னும் இலவச மென்பொருளில் பவர் லிமிட் என்பதை 100இலிருந்து 85 அல்லது 80 விழுக்காட்டிற்குக் குறைக்கலாம். சூடு தெளிவாக இறங்கும். வேகம் குறைவதோ அந்த அளவுக்கு இராது. உச்ச வேகத்தின் கடைசித் துளிக்காகவே கார்டு மிகுதியான மின்சாரத்தைச் செலவிடுகிறது என்பதே இதன் காரணம். விசிறி எந்தச் சூட்டில் எவ்வளவு வேகம் கொள்ள வேண்டும் என்பதையும் அங்கேயே திருத்தலாம். சற்று இரைச்சல் கூடும், சூடு குறையும்.

மின்கட்டணத்தையும் எண்ணிப் பாருங்கள். 170 வாட் கார்டு முழு வேலையில் நாளொன்றுக்கு 4 மணி நேரம் ஓடினால் 0.68 யூனிட். 60 நாட்களில் ஏறத்தாழ 41 யூனிட். கார்டுக்கு மட்டும் இவ்வளவு! வரம்பு கட்டினால் சூட்டோடு கட்டணமும் குறையும்.

மென்பொருளே விசிறியைத் தடுத்த வரலாறும் உண்டு. 2010 மார்ச்சில் என்விடியா வெளியிட்ட 196.75 என்னும் டிரைவர், சில கார்டுகளில் விசிறியின் வேகத்தைச் சரிவரக் கட்டுப்படுத்தவில்லை. சூடு மிகுந்ததால் அந்நிறுவனம் அதனைத் திரும்பப் பெற்றது. ஆகவே, நேற்று வரை நன்றாயிருந்த கார்டு, டிரைவரைப் புதுப்பித்த மறுநாளே கொதித்தால், முந்தைய டிரைவரை மீண்டும் போட்டுப் பார்ப்பது அறிவுடைமை.

பேஸ்ட்டும் வாரண்டியும்

இத்தனையும் செய்த பின்னரும் சூடு இறங்கவில்லையா? சில்லுக்கும் உலோகத் தகட்டுக்கும் இடையே தெர்மல் பேஸ்ட் என்னும் களிம்பு தடவப்பட்டிருக்கும். இரு பரப்புகளுக்கிடையே உள்ள நுண்ணிய இடைவெளிகளை நிரப்பிச் சூட்டைக் கடத்துவது அதன் பணி. ஆண்டுகள் பல செல்ல அது காய்ந்து போகும். ஹாட் ஸ்பாட் எனப்படும் உச்சச் சூட்டுப் புள்ளியைக் காட்டும் கார்டுகளில் இதனை அறிய ஒரு வழி உண்டு. பொதுச் சூட்டுக்கும் உச்சப் புள்ளிக்கும் 10, 15 டிகிரி வித்தியாசம் இயல்பு. 25, 30க்கு மேல் போனால் களிம்பு காய்ந்துவிட்டது அல்லது தகடு சரியாக அழுந்தவில்லை என்று ஐயுறலாம். களிம்பின் விலை சில நூறு ரூபாய்தான். எனினும் கைபழகாதவர் கார்டைப் பிரிக்கலாகாது. சில்லின் ஓரம் நொறுங்கலாம். நினைவகத்தின் மீதுள்ள பட்டைகள் கிழியலாம். அனுபவமுள்ள தொழிலாளரிடம் கொடுத்து, கண்ணெதிரே செய்வித்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன் வாரண்டிச் சீட்டை எடுத்துப் பாருங்கள். காலம் முடியாதிருப்பின் கார்டில் ஒரு திருகாணியையும் தொடாதீர்கள். தயாரித்தவரின் குறையாகவே இருக்கவும் கூடும். 2022 டிசம்பரில் வெளிவந்த ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 7900 எக்ஸ்டிஎக்ஸ் கார்டுகள் சிலவற்றில் உச்சப் புள்ளி 110 டிகிரியைத் தொட்டது. சூட்டைக் கடத்தும் உலோக அறைக்குள் இருக்க வேண்டிய நீர் போதிய அளவு இல்லை என்பதை 2023 ஜனவரியில் அந்நிறுவனம் ஒப்புக்கொண்டு, அக்கார்டுகளை மாற்றித் தர முன்வந்தது. எண்களை அளந்து, எழுதி, எடுத்துக்காட்டியவர்களாலேயே அக்குறை உலகிற்குத் தெரிந்தது என்பதை நினைவிற்கொள்ளுங்கள்.

செய்யத் தகாதவை

கணினியின் அருகே ஐஸ் கட்டியையோ ஈரத்துணியையோ வைத்தல் கூடாது. நீர் ஊற்றி ஓடும் ஏர் கூலரைத் திறந்த கேபினட்டின் பக்கம் திருப்பலாகாது; அதன் ஈரக்காற்று பாகங்களைக் கெடுக்கும். சாதாரண மேசை விசிறியைச் சில நாட்களுக்கு வைப்பதில் தீங்கில்லை. இறந்துபோன கார்டை அடுமனை ஓவனில் வைத்துச் சுட்டால் உயிர் பெறும் என்று ஒரு பேச்சு உலவுகிறது. ரொட்டி சுடும் அடுப்பில் பிளாஸ்டிக் புகைய வேண்டுமா? அவ்வெண்ணத்தையே விட்டுவிடுங்கள்.

தீய்ந்த வாடை வந்தால் அக்கணமே சுவர் சுவிட்சை அணையுங்கள். 2022 அக்டோபரில் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுகள் சிலவற்றில் மின் இணைப்பு முனை உருகியது. முனை முழுவதுமாக உள்ளே அழுந்தாமல் இருந்ததே பெரும்பாலான நிகழ்வுகளுக்குக் காரணமென நவம்பரில் என்விடியா கூறிற்று. எந்தக் கார்டாயினும் மின் முனை இறுதிவரை உட்புகுந்துள்ளதா என்று ஒருமுறை பார்த்துவிடுவது, வீட்டில் குழந்தைகள் உறங்கும் அறையில் கணினி இருப்போருக்கு மிக அவசியம்.

கடைக்குச் செல்லும்போது

இவையனைத்தும் செய்தும் தீராவிடில் கடைக்குச் செல்லுங்கள். ஆனால் வெறுங்கையோடு செல்லாதீர்கள். அந்த நோட்டுப் புத்தகத்தையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். “தம்பி, அறை 34 டிகிரியில் இருக்கும்போது அரை மணியில் கார்டு 88 டிகிரிக்குப் போகிறது. மூடியைத் திறந்தும் குறையவில்லை. தூசி தட்டியாயிற்று. படங்களுக்கு வரம்பும் கட்டியாயிற்று. களிம்பு மாற்றிப் பார்க்கலாமா?” என்று ஓர் உம்மா கேட்டால், அக்கடையில் பேச்சின் போக்கே மாறிவிடும். நல்ல தொழிலாளி மகிழ்ந்து வேலையைத் தொடங்குவார். மற்றவர் புதிய கார்டைப் பற்றிப் பேசத் தயங்குவார்.

கார்டு உண்மையிலேயே பழுதாகிப் புதியது வாங்கும் நிலை வந்தாலும் நீங்கள் செய்தது வீணாகாது. தூசியற்ற பெட்டியும், திறந்த காற்று வழியும், வரம்பு கட்டும் பழக்கமும் புதிய கார்டுக்கும் உயிர் கொடுக்கும். அவையின்றி வாங்கினால் அடுத்த கோடையில் அதே கடை வாசலில் நிற்க நேரும்.

ஆகவே, அன்பர்களே! சூட்டை அளவுங்கள். அது வெளியேற வழி விடுங்கள். தேவையற்ற உழைப்பைக் கார்டின் மீது சுமத்தாதீர்கள். இம்மூன்றையும் இந்த வாரமே பிள்ளையுடன் அமர்ந்து செய்து பாருங்கள். வாப்பாவின் உழைப்பும் மிஞ்சும். வீட்டில் சினமும் சற்றுத் தணியும்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம்.